நீ அனுப்பியதை ஏன் திருப்பி அனுப்பினேன்

ஜெபா,

போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு, உன்னை மறுபடி கூப்பிடலாம் என்று பலமுறை போனைக் கையில் எடுத்தேன். எடுத்து எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா” என்று மட்டும் சொன்னாய். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தீர்த்திருப்பேன். நீ அப்படிச் செய்யவில்லை. ஷெர்லின் சுகமாக இருக்கிறாள், அங்கே குளிர் தொடங்கிவிட்டது, ஆபீஸுக்கு நேரமாகிறது என்றாய். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ் என்று நான் கேட்கவில்லை.

நீ கனடாவில் இருந்துகொண்டு, ஆபீஸ் வேலைக்கு நடுவில் தேடிப் பிடித்து, செம்பூர் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்படி அனுப்பிய கம்ப்யூட்டரை நான் திருப்பி அனுப்பினேன். திரையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கிற அந்த ஆல்-இன்-ஒன்னுக்குப் பதிலாக, டிபன் டப்பா அளவே இருக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கடையில் போய் வாங்கி வந்தேன். பணம் உன் கணக்குக்குத் திரும்பி வந்தபோதுதான் உனக்கு விஷயமே தெரிந்தது. பிடிக்காததால் அனுப்பிவிட்டோம் என்று நினைத்திருப்பாய். இல்லை ஜெபா. காரணம் வேறு. அதைப் போனில் சொன்னால் நீ பாதி கேட்பதற்குள் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும். சண்டே ஸ்கூலில் படித்த தமிழ்தானே. தடுமாறினால் ஷெர்லினிடம் கொடு, என் மருமகள் தூத்துக்குடிப் பள்ளியில் படித்தவள், கடகடவென்று வாசித்துவிடுவாள். ஆனால் முழுவதும் வாசித்து முடிக்கும்வரை எனக்குப் போன் செய்யாதே.

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. முழுவதும் இல்லை. பார்வையின் நடுப்பகுதி மட்டும். சயானில் இருக்கிற கண் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வயதானால் சிலருக்கு வருவது, போனது திரும்பி வராது, ஆனால் ஓரப் பார்வை இருக்கும், முழு இருட்டாக ஆகாது என்றார். எதிரே நிற்கிறவரின் சட்டை, தோள், காது எல்லாம் தெரிகிறது அப்பாவுக்கு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிற மேகம்தான் நிற்கிறது. வாசித்தால் வரியின் ஓரங்கள் தெரிகின்றன, வாசிக்க வேண்டிய சொல் தெரியவில்லை. இது எங்களுக்குத் தெரிய வந்தது உன் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து, ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஏளா, பிள்ளைக்கு இப்போ சொல்ல வேண்டாம். கல்யாணத்தை முடிச்சு, அவன் ஊர் போய்ச் சேரட்டும். சொன்னோம்னா விசாவைக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கேயே உக்காந்துருவான்” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறைத்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அதனால் அப்பாமேல் மட்டும் வருத்தப்படாதே.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் அப்பா ஹாலில் விழுந்தது உனக்கு நினைவிருக்கும். பழைய கம்ப்யூட்டருக்காகத் தரையில் நீட்டிப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் வயரில் கால் மாட்டி விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்துபோனது. நீதான் ஓடிவந்து தூக்கினாய். தூக்கிவிட்டு அந்த வயரைப் பிடித்து, “கித்னா வயர் ஹை, எத்தனை வயர் இந்த வீட்ல. நான் போறதுக்குள்ள இதெல்லாம் எடுத்துருவேன், ஒரே வயர்தான் இருக்கணும்” என்று சொன்னாய். வயர் இருந்ததால் அப்பா விழுந்தார் என்பது உன் கணக்கு. அந்த வயர் நாம் செம்பூருக்கு வந்த நாளிலிருந்து அதே இடத்தில்தான் கிடந்தது, அவர் அத்தனை வருடமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தார் என்பதை நீ யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஆனால் அப்போது வாய் திறக்க முடியவில்லை.

ரிசப்ஷன் மேடையில் அப்பாவும் நானும் கடைசிவரை கை பிடித்துக்கொண்டே நின்றோம் என்று ஷெர்லின் கேலி செய்தாளே. வயதான காலத்தில் இவ்வளவு காதலா என்று நீயும் சிரித்தாய். மேடை ஏறி வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் நான் அவர் காதோரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்பர்நாத் ஃபேக்டரியில் அவரோடு ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்கள், தாராவிச் சபைக்காரர்கள், கல்யாண் ஊரிலிருந்து வந்த உன் அத்தை வீட்டார். பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்து, சரியாக ஒரு கேள்வி கேட்பார். மகன் பரீட்சை என்ன ஆச்சு, மூட்டு வலி தேவலையா என்று. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குரல் கேட்டுவிட்டால் என் உதவியும் தேவைப்படாது. அன்றைக்கு ஆலயத்தில் அவர் பாடகர் குழுவை நடத்தியதும் அப்படித்தான். தாள் எதுவும் முன்னால் வைத்துக்கொள்ளவில்லை. நாலு குரலும் எங்கெங்கே சேர வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். “அப்பா இந்த வயசுலயும் நோட்ஸே பாக்கல, தேக்கா, பாத்தீங்களா?” என்று உன் நண்பர்களிடம் நீ பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பெருமை நியாயமானதுதான். அதை இப்போது கழற்றி வைக்க வேண்டாம்.

நீ புறப்பட்டுப் போன பிறகுதான் சிக்கல் வந்தது. பழைய பாட்டை மனப்பாடமாக நடத்தலாம். புதிதாக எழுத வேண்டும் என்றால் கண் வேண்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பா ஒரு புதிய பாட்டு வைத்திருந்தார். மெட்டு அவருடையதே. நாலு குரலுக்கும் தோ, ரே, மி என்று சோல்ஃபா எழுத்துகளில் பிரித்து எழுதி, அதற்குக் கீழே தமிழ்ச் சொற்கள், அதற்கும் கீழே தமிழ் வாசிக்கத் தெரியாத நம் தாராவிப் பிள்ளைகளுக்காக ஹிந்தி எழுத்தில் அதே சொற்கள் என்று கம்ப்யூட்டரில் அடித்துத்தான் எப்போதும் கொடுப்பார். பழைய கம்ப்யூட்டர் அந்த நேரம் பார்த்து உயிரை விட்டது. அது விட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி என்றுகூட எனக்குத் தோன்றியது. அது சரியாக இருந்திருந்தால் தனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இப்போது மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். சபையில் ஒருநாள், அடுத்த வருடத்திலிருந்து வேறு யாராவது பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர் அப்படியே கதவருகே நின்றார். “சொல்லிட்டேன்” என்றார். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் நீ அனுப்பியது வந்தது. வெள்ளை நிறம், பலகை மாதிரி மெல்லிசு. எதிர் வீட்டிலிருந்தும் மேல் வீட்டிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெட்டியைப் பிரித்து, மேசையில் வைத்து, ஒரே வயரைச் சொருகினேன், திரை எரிந்தது. நீ சொன்னது போலவே அவ்வளவுதான் வேலை. “ஏக் தம் சிம்பிள்மா, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் உள்ளேயே இருக்கு” என்று நீ போனில் விளக்கிக்கொண்டிருக்க, அப்பா பக்கத்தில் நின்று, “ஜோரா இருக்குடே” என்றார். நீ சந்தோஷப்பட்டாய். நானும்தான். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் போதும், அவர் பாட்டை எழுதிவிடுவார் என்று நம்பினேன்.

எழுத்தைப் பெரிதாக்கினேன். போதவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். அவருக்குத் தெரிய வேண்டுமானால் எழுத்து பெரிதாக இருப்பது மட்டும் போதாது, திரை முகத்துக்கு ஒரு சாண் தூரத்துக்கு வர வேண்டும். அதுவும் நேராக இல்லை, கொஞ்சம் பக்கவாட்டில். அவர் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார். நீ அனுப்பியதன் கால் மேசையில் நிற்கிறது. திரையைக் கொஞ்சம் சாய்க்கலாம், அவ்வளவுதான். முகத்தை நோக்கி அது வராது, முகம்தான் அதை நோக்கிப் போக வேண்டும். அப்பா போனார். மேசை விளிம்பு நெஞ்சில் இடிக்கும்வரை குனிந்தார். கீபோர்டு வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரையே மேசை நுனிக்கு இழுத்து வைத்து, கீபோர்டை மடியில் வைத்துக் கொடுத்தேன். அவர் கை பட்டு அது முன்பக்கமாகச் சாய்ந்தது, நான் பாய்ந்து பிடித்தேன். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். சாயங்காலம் பார்த்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

சரி, பழகிக்கொள்வார் என்று சில நாள் விட்டேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போனவள் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கதவு சாத்தாமல் இருந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை அணைந்து கிடந்தது. என் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று கையைக் கீபோர்டில் வைத்து நாலு தட்டுத் தட்டினார். ஜெபா, நாற்பது வருடம் நெருங்குகிறது எங்கள் கல்யாணத்துக்கு. அவர் எனக்கு முன்னால் நடித்து நான் பார்த்ததே இல்லை.

“என்ன பண்ணுதிய?” என்று கேட்டேன்.

“பாட்டுதான், ரெண்டாவது சரணம்.”

“திரையில ஒண்ணுமே இல்லியே. அணைஞ்சுல்லா கிடக்கு.”

கையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “நல்ல மெஷின்தான். பிள்ளை ஆசையா அனுப்பியிருக்கான். எனக்குத்தான் முடியல” என்றார்.

“அப்போ திருப்பி அனுப்பிருவோம். உங்களுக்கு எது தோதுப்படுமோ அதைப் பாப்போம்.”

“வேண்டாம்ளா. அவன் மனசு சங்கடப்படும். ஏன்னு கேப்பான். என்ன சொல்லுவ?”

“அவன் மனசு சங்கடப்பட்டா நான் பேசிச் சரிபண்ணிக்கிடுதேன். நீங்க அணைஞ்ச திரைக்கு முன்னால உக்காந்திருக்கதை என்னால பாக்க முடியாது” என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாளும் வேண்டாம் என்றுதான் சொன்னார். திருப்பி அனுப்பக் கொடுத்திருந்த நாள் முடியப்போகிறது என்று தெரிந்தபோது நானே கம்பெனியைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன். ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அப்பா படுக்கையறையில் இருந்தார். வெளியே வரவில்லை. அன்றும் மறுநாளும் என்னோடு பேச்சும் இல்லை. அதனால் உனக்கு என்மேல் வந்த வருத்தம் எனக்குப் புதிதில்லை, முதலில் அவரிடமிருந்தே வாங்கிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ தேர்ந்தெடுத்தது மோசமான பொருள் இல்லை. மாட்டுங்காவில் என்னோடு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்த பார்வதி மாமி அதே மாதிரி ஒன்றைத்தான் வைத்திருக்கிறாள். பேரனோடு பேசுவதற்கும் கச்சேரி கேட்பதற்கும் அவளுக்கு அது போதும். இடத்தை அடைக்காது, தூசி தட்ட ஒரு துணி போதும் என்று அவளுக்கு அத்தனை திருப்தி. எனக்காக நீ அனுப்பியிருந்தால் நானும் அதைக் கட்டிப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதே ஆபீஸில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். ரிசப்ஷனில் இருந்த ஆல்-இன்-ஒன்னில் திரை மட்டும் கறுத்துப்போனது. உள்ளே எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. ஆனாலும் முழுசாகத் தூக்கிக்கொண்டுதான் ரிப்பேருக்குப் போக வேண்டியிருந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்கிற நேரம் வேறு. அது திரும்பி வரும்வரை அந்தப் பெண் ஒவ்வொரு மேசையாகப் போய் இடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நம் தாராவி வீட்டுக் கம்ப்யூட்டரை நினைத்துப் பார். ஆறாம் வகுப்பில் நீ கீபோர்டில் சாயாவைக் கொட்டிவிட்டு பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாய். அப்பா புதுக் கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டினார், அதோடு விஷயம் முடிந்தது. பிறகு மானிட்டர் போனது, அதை மட்டும் மாற்றினார். எது போகிறதோ அதை மட்டும் மாற்றி மாற்றித்தான் அது நீ காலேஜ் முடிக்கும்வரை வந்தது. அப்பாவின் கண் இனி எப்படி மாறும் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. இன்றைக்குப் போதுமான திரை அடுத்த வருடம் போதாமல் போகலாம். அப்போது திரையை மட்டும் மாற்ற வழி இருக்க வேண்டும். நான் யோசித்தது இவ்வளவுதான்.

செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைக்கு அப்பாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றவரை, நீங்கள் இல்லாமல் வாங்கினால் மறுபடி திருப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் கிளப்பினேன். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், “அங்கிள், ஆல்-இன்-ஒன் லே லோ, ஏக் ஹீ வயர், கோயி ஜன்ஜட் நஹி” என்றார். ஒரே வயர், ஒரு தொந்தரவும் இல்லை என்று உன் வசனத்தையே அவர் ஹிந்தியில் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். பேச்சு நின்றிருந்த அந்த இரண்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். நான் எங்களுக்கு என்ன தேவை என்று கடைக்காரரிடம் ஒளிக்காமல் சொன்னேன். இவருக்குக் கண் தெரியாது, திரை இவர் முகத்துக்குக் கிட்டே வர வேண்டும் என்று. வெளி ஆளிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா ஏதாவது சொல்வாரோ என்று பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

கடைக்காரர் உள்ளே போய், பெரிய மானிட்டர் ஒன்றை ஒரு மடக்குக் கையில் மாட்டியிருந்த இடத்தைக் காட்டினார். டாக்டர் கிளினிக்குகளுக்காக வைத்திருப்பதாம். மேசை ஓரத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும் அந்த இரும்புக் கை, இழுத்தால் வரும், தள்ளினால் போகும், ஏற்றி இறக்கிச் சாய்த்து எப்படி விட்டாலும் அப்படியே நிற்கும். ஒரு நாற்காலியைப் போட்டு அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா கையை நீட்டித் திரையின் விளிம்பைத் தடவினார், மெதுவாக இழுத்தார். அது வந்தது. இன்னும் இழுத்தார். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தார். திரையில் என்னவோ விலைப் பட்டியல் இருந்தது. அதைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் அப்பா ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தார். பிரிண்டர் மையின் பெயர்தான். ஆனால் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பது போல நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முதுகு நேராக இருந்தது. கழுத்து வளையவில்லை. வாசித்து முடித்துவிட்டு, “ஏளா, இது தெரியுது” என்றார். நான் பர்ஸைத் தேடுகிற மாதிரி பைக்குள் குனிந்துகொண்டேன்.

உன் வயர் பயத்தை நான் மறக்கவில்லை. அவருக்குக் கண் தெரியாது என்ற பிறகு அந்தப் பயம் இன்னும் சரியானதாகிவிட்டது. அந்தச் சின்னக் கம்ப்யூட்டரைத் திரையின் முதுகிலேயே திருகி மாட்டிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் அது இருப்பதே தெரியாது. வயர்களை இரும்புக் கையோடு சேர்த்துக் கட்டி, மேசைக் காலில் இறக்கி, மேசைக்குப் பக்கத்திலேயே புதிதாகப் போட்ட பாயிண்டில் சொருகியாகிவிட்டது. தரையில் ஒன்றுமே இல்லை. பழைய எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். கேமரா உள்ளேயே இல்லாதது ஒரு குறைதான். தனியாக ஒன்று வாங்கித் திரைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். கீபோர்டில் மஞ்சள் நிறத்தில் பெரிய எழுத்து ஒட்டிகளை நான் ஒட்டினேன். ஒட்டும்போது இரண்டு எழுத்தை இடம் மாற்றிவிட்டேன், அப்பா கண்டுபிடித்து ஒருநாள் முழுக்கக் கேலி செய்தார்.

இப்போது மத்தியானம் அந்த அறையிலிருந்து முணுமுணுப்புக் கேட்கிறது. ஆல்ட்டோ குரலைப் பாடிப் பார்ப்பார், பிறகு தட்டுகிற சத்தம், மறுபடி பாட்டு. ஒரு திரைக்கு நாலைந்து எழுத்துதான் நிற்கிறது. முன்பு ஒரு நாளில் முடிகிற வேலைக்கு இப்போது ஒரு வாரம் ஆகிறது. சரணங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பாடகர் குழுவை விடுகிறேன் என்று சபையில் சொன்னதைத் திரும்பப் பெற்றாரா என்று கேட்பாய். இல்லை. “இந்தக் கிறிஸ்துமஸ் முடியட்டும், பொறவு பாப்போம்” என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை.

நீயும் ஷெர்லினும் உங்கள் வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், எது நல்லது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருநாள் சொன்னாய். உனக்குச் சொல்லித்தர எனக்கு என்ன தெரியும். அது உன் தொழில். ஆனால் ஒன்று மட்டும். அதன் முன்னால் யார் உட்காரப்போகிறார்களோ அவரை முதலில் அதன் முன்னால் உட்காரவைத்துப் பார். வாய் என்ன சொல்கிறது என்பதைவிடக் கழுத்தும் தோளும் எப்படி இருக்கின்றன என்று பார். “ஜோரா இருக்கு” என்று நம் வீட்டு ஆட்கள் எதற்கும் சொல்லிவிடுவார்கள். உன் அப்பா அப்படி, நீயும் அப்படித்தான். ஷெர்லின் எப்படி என்று இனிமேல்தான் உனக்குத் தெரிய வரும்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்பா உள்ளேயிருந்து, கல்யாணப் போட்டோ பெண்டிரைவ் எங்கே என்று கேட்டார். ஆல்பம் வந்தபோதே பக்கம் பக்கமாகப் புரட்டி, நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னவர்தான். அவர் எதையும் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். எடுத்துச் சொருகிக் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். நெடுநேரம் சத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். திரையை முகத்தோடு இழுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு படத்தைத் திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கி, ஓரக்கண்ணால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி, பிறகு ஒரு கண், பிறகு மூக்கு. ஷெர்லினின் முகம். அவள் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவளை ஆசீர்வதித்து, அவள் கையால் சாப்பிட்டு, ஏர்போர்ட்டில் வழியனுப்பிவைத்த அந்த நாள்வரை அப்பா அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த வாசலில் நின்றபோதுதான் அது எனக்கு முழுவதுமாக உறைத்தது.

“ஏளா, இந்தப் பிள்ளைக்கு இடது புருவத்துல சின்னதா ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு. நீ சொல்லவே இல்லியே” என்றார்.

“அதையெல்லாமா சொல்லுவாவ?”

“சின்னதுல எங்கயோ விழுந்திருக்கா. சிரிக்கும்போது அந்தப் புருவம் மட்டும் கொஞ்சம் தூக்குது பாரு” என்றார். அதை நானும் கவனித்ததில்லை. அவர் சொன்ன பிறகு குனிந்து பார்த்தேன், உண்மைதான். பிறகு திரையைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “இனி பிள்ளைக்குச் சொல்லிரு. போன்ல வேண்டாம். எழுது.”

எழுதிவிட்டேன். நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். வந்தால் நான் கதவைத் திறந்துவிடுவேன், அப்பாதான் உன்னோடு பேசமாட்டார். விடுமுறை கிடைக்கும்போது வா, போதும். ஞாயிற்றுக்கிழமை இங்கே எங்களுக்குச் சாயங்காலம் ஆகும்போது உங்களுக்குக் காலை. போனில் கூப்பிடாதே, கம்ப்யூட்டருக்கு வீடியோவில் கூப்பிடு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஷெர்லினைக் கேமராவுக்கு நன்றாகக் கிட்டே வரச் சொல். வெட்கப்பட வேண்டாம், முகம் திரை முழுக்க வரட்டும். அந்தப் புருவத்தில் எப்படி அடிபட்டது என்ற கதையை அவளே மாமாவிடம் சொல்லட்டும். மெதுவாகச் சொல்லச் சொல், அவர் பார்த்துக்கொண்டே கேட்பார்.

உன் அம்மா